சனி ஞாயிறு அறைக்குள் இருக்காதே, பிள்ளை

அன்பு மகளுக்கு,

போன சனி ஞாயிறு முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தேன், தெரிந்த முகம் ஒன்றுமில்லாத ஊரில் எங்கே போறது என்று நேற்றுச் சொன்னாய். அம்மாவுக்கு அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும் மனம் பொறுக்கவில்லை. போனில் சொன்னால் "ஓம் அப்பா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பேர்லினில் ஆளில்லாதவனுக்குத் துணை அந்த ஊர்ப் பூங்காக்கள்தான். நான் 1985 தொடக்கத்தில் அங்கே போனவன். அப்போது அந்த ஊர் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு வந்துவிடும். மேற்குப் பக்கம் அதை எல்லை என்றே ஏற்காததால் விசா கேட்க அங்கே ஆளில்லை. எங்கட சனம் கனபேர் அந்த வழியால் வந்தவர்கள். அந்த வருடம் நடுவிலேயே எங்களுக்கு அதை அடைத்துவிட்டார்கள். அகதி விண்ணப்பம் போட்டவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. விடுதி அறையிலோ கால் நீட்ட இடமில்லை. பகலெல்லாம் எங்கே போவது? கடைக்குள் சும்மா நின்றால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். டியர்கார்ட்டன் பூங்காவில் ஒரு வாங்கில் போய் இருந்தால் ஏன் இருக்கிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஒருநாள் பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி, எனக்கு டொச் (ஜேர்மன் மொழி) விளங்காது என்று தெரிந்தும் விடாமல் கதைத்தா. கடைசியில் குடை நுனியால் பனியில் நீட்டு நீட்டாகப் பாத்தி கீறி, "கார்ட்டோஃபெல்ன்" என்று சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. பிறகு கையை முன்னும் பின்னும் இழுத்து மரம் அரிவதுபோல் காட்டினா. பிறகுதான் எனக்கு விபரம் தெரிய வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எரிக்க நிலக்கரி இல்லாமல் சனம் அங்கே மரங்களைத் தறித்து விறகாக்கியிருக்கிறது. சுமார் 2,00,000 மரங்களில் மிஞ்சியது 700 அளவுதான். வெறும் தரையான இடத்தில் அந்தக் கிழவி சொன்ன கார்ட்டோஃபெல்ன், அதாவது உருளைக்கிழங்கும் மரக்கறியும் போட்டார்கள். 1949 மார்ச் 17 அன்று மேயர் ஏர்ன்ஸ்ட் ரொய்ட்டர் ஒரு லிண்டன் கன்றை நட்டு மறுபடி தொடங்கினார். மற்ற ஜேர்மன் நகரங்கள் கன்றுகள் அனுப்பின. இன்று 210 ஹெக்டேருக்குக் காடுபோல் நிற்கும் அந்த மரங்கள் பெரும்பாலும் உன் பெரியப்பாவின் வயதுதான். சனிக்கிழமை காலையில் 100ஆம் இலக்க பஸ் எடுத்துப் போய், அவற்றுக்குக் கீழே ஆறுதலாக நட.

பின்னேரம் டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையத் திடலுக்குப் போ, உன் அறையிலிருந்து கிட்ட. என் காலத்தில் அது அமெரிக்க விமானப்படையின் கையில், வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். 2008இல் விமான நிலையத்தை மூடி, 2010இல் சனத்துக்குத் திறந்துவிட்டார்கள். ஓரங்களில் வீடு கட்ட நகர அரசு திட்டம் போட்டபோது, 2014இல் சனம் வாக்குப் போட்டு மறித்தது. வாடகை ஏறுகிற ஊரில் அது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான் என்பது என் எண்ணம். ஓடுபாதையில் நடு வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நட; அவ்வளவு வானத்தை ஒரு நகரத்துக்குள் வேறெங்கும் நான் கண்டதில்லை. வானம்பாடிகள் புல்லுக்குள் கூடு கட்டுகிற காலம் இது, அடைத்திருக்கும் பக்கம் போகாதே. ஓடர்ஸ்ட்ராஸ பக்கம் பலகைப் பெட்டிகளில் மண் நிரப்பிச் சனம் தோட்டம் செய்கிறது. அங்கே யாரிடமாவது என்ன நட்டிருக்கிறீர்கள் என்று கேள். நானும் அம்மாவும் போனபோது ஒரு துருக்கி அம்மா புதினா பிடுங்கித் தந்துதான் விட்டா. பொழுதுபட்டால் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதற்குமுன் வெளியே வா.

ஞாயிறு கடைகள் பூட்டு. பாண், பால் எல்லாம் சனியே வாங்கி வை. காலையில் யூ7 சுரங்க ரயிலில் பிளாஷ்கோஅலே போனால், கிட்டவே எங்கட ஆட்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில். உன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய். அங்கிருந்து கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் கட்டிய குதிரை லாட வடிவக் குடியிருப்பைப் பார்த்துக்கொண்டு பிரிட்ஸ் தோட்டத்துக்குப் போ. நான் போன அதே 1985இல் மலர்க் கண்காட்சிக்காகத் திறந்த தோட்டம் அது. அப்போது உள்ளே போக என்னிடம் காசில்லை. இப்போது அங்கே டியூலிப் பூக்கும் காலம், நீ நுழைவுச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்.

ரயில் டிக்கெட்டைக் காகிதமாக எடுத்தால் ஏறமுன் மேடையில் இருக்கும் பெட்டியில் முத்திரை குத்து. சாதாரண உடுப்பில் வந்து பார்ப்பார்கள், குத்தாவிட்டால் 60 யூரோ தண்டம். நல்ல சப்பாத்துப் போடு, மேலுக்கு ஒரு மழைக் கோட்டும் எடு.

ஞாயிறு பின்னேரம் உனக்கு நாலு மணி என்றால் எங்களுக்கு இங்கே டொரொண்டோவில் காலை பத்து. கூப்பிடு. அம்மாவுக்குப் பூப் படங்கள் அனுப்பு.

அன்புடன்,
அப்பா