செம்மண்ணில் வேலை செய்யாத தங்கம் தேடும் கருவி: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற டீ மேக்கர் (தேயிலைத் தொழிற்சாலை),
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விளம்பரத்தில் சொன்ன வசதி இல்லாத மெட்டல் டிடெக்டரை அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

உங்களிடம் 38,500 ரூபாய் கொடுத்து வாங்கிய மெட்டல் டிடெக்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். போனில் பேசிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுக்கிறார், நானும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. எழுத்தில் இருந்தால் யாரும் "எனக்குத் தெரியாது சார்" என்று சொல்ல முடியாது அல்லவா.

கருவி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தலூர்க்காரன் தங்கம் தேடும் கருவி வாங்கினான் என்றாலே எல்லோருக்கும் பக்கத்தில் பழைய தங்கக் குழிகள் இருக்கும் தேவாலாதான் ஞாபகம் வரும். எனக்கு அந்த எண்ணம் கிடையாது. என் மகள் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்து பெண்டிகோவில் இருக்கிறாள். அங்கே 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டால், தடை இல்லாத அரசு நிலத்தில் சாதாரண ஆளும் தங்கம் தேடலாம், கிடைத்தது அவருக்கே. 1980-ல் அதே மாநிலத்து கிங்கோவர் பக்கம் ஒருவருக்கு மெட்டல் டிடெக்டரில் 27 கிலோவுக்கும் மேல் கனமான ஒரே கட்டி கிடைத்தது. எனக்கு அவ்வளவு பேராசை இல்லை. பேரனோடு வெயிலில் நடக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் வீட்டு முற்றத்தில் பழகிக்கொள்ளலாம் என்று இங்கேயே வாங்கினேன்.

வாங்குமுன் உங்கள் விற்பனைப் பிரிவிடம் வாட்ஸ்அப்பில் மூன்று கேள்விகள் கேட்டேன். கருவியின் அதிர்வெண் எவ்வளவு? கிரவுண்ட் பேலன்ஸைக் கையால் சரிசெய்ய முடியுமா? சின்ன காயில் (மண்ணுக்கு மேல் பிடிக்கும், கம்பிச் சுருள் உள்ள தட்டு) தனியாகக் கிடைக்குமா? வாழ்நாள் முழுக்க ஃபேக்டரியில் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். எதைக் கேட்க வேண்டும் என்று படித்துவிட்டுத்தான் கேட்டேன்.

சின்னத் தங்கத்துக்கு அதிர்வெண் கூடுதலாக இருக்க வேண்டும். 'ஃபிஷர் கோல்ட் பக் 2' என்ற கருவி 71 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000-க்கு 45. காரெட் ஏடி கோல்டுக்கு 18. சும்மா காசும் மோதிரமும் தேடும் பொழுதுபோக்குக் கருவிகள் பெரும்பாலும் ஏழு, எட்டில் நின்றுவிடும். அதிர்வெண்ணை விட முக்கியம் கிரவுண்ட் பேலன்ஸ். செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் காயிலுக்குப் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கழித்துவிட்டு உலோகத்தின் பதிலை மட்டும் காதுக்குக் கொடுப்பதுதான் அந்த வசதியின் வேலை. மண்ணுக்கு மண் இது மாறும். ஃபேக்டரியில் ஒரே அளவில் வைத்துப் பூட்டி அனுப்பினால் கடற்கரை மணலில் ஒருவேளை ஓடும், எங்கள் மேட்டு நிலத்தில் ஓடாது. விக்டோரியாவிலும் தங்கம் கிடைக்கும் இடங்களில் இதே தொல்லைதான். மண் ரொம்ப மோசமான இடங்களில் அங்கே 'பல்ஸ் இண்டக்ஷன்' என்ற வேறு வகைக் கருவியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது என் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆகவே, நடுத்தரமானதாக இருந்தாலும் கையால் சரிசெய்யக்கூடியதாக இருக்கட்டும் என்றேன்.

உங்கள் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது: "எஸ் சார், எல்லா மண்ணுக்கும் ஆட்டோ மற்றும் மேனுவல் பேலன்ஸ் உண்டு. ஹை ஃப்ரீக்வென்சி. அரிசி சைஸ் கோல்டு ஒரு அடி ஆழத்தில் எடுக்கும்." அரிசி அளவுத் தங்கத்தை ஒரு அடி ஆழத்தில் எடுக்கும் கருவி உலகத்திலேயே இல்லை. அதை வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டேன். மற்ற இரண்டையும் நம்பிப் பணம் கட்டினேன்.

உங்கள் கூரியர் பந்தலூருக்கு வரமாட்டார்களாம். மழையில் கூடலூர் வரை பஸ்ஸில் போய் எடுத்து வந்தேன். பெட்டி நனைந்திருந்தது. நனைந்ததும் நல்லதாகப் போயிற்று. மேலே ஒட்டியிருந்த 'தங்கம் தேடும் கருவி' என்ற தங்க நிற ஸ்டிக்கர் ஓரத்தில் கிளம்பி நின்றது. இழுத்தால் கீழே அசல் அட்டை தெரிகிறது. கடற்கரையில் ஒரு பையன் கருவியோடு நிற்கிறான், பக்கத்தில் காசுகள். தங்கம் என்ற பேச்சே அங்கே இல்லை. கண்ட்ரோல் பாக்ஸின் அடியில் உள்ள தகட்டில் 7 கிலோஹெர்ட்ஸ் என்று பொறித்திருக்கிறது. முகப்பில் இருப்பவை இரண்டே குமிழ்கள், உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி ஒன்று, வேண்டாத உலோகத்தின் சத்தத்தை அடக்கும் டிஸ்கிரிமினேஷன் ஒன்று. கிரவுண்ட் பேலன்ஸுக்குக் குமிழும் இல்லை, பட்டனும் இல்லை, கையேட்டில் ஒரு வரியும் இல்லை. உங்கள் விளம்பரப் படத்தில் மூன்றாவது குமிழ் பளிச்சென்று தெரிகிறது. அப்படியானால் படத்தில் இருப்பது வேறு கருவி.

சரி, ஓட்டித்தான் பார்ப்போமே என்று முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். காயிலை மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் அமைதி. கீழே இறக்க இறக்க வீறிடுகிறது. மேலே தூக்கினால் நின்றுவிடுகிறது. அடியில் எதையுமே புதைக்கவில்லை, வெறும் மண்தான். சென்சிட்டிவிட்டியைப் பாதிக்கும் கீழே குறைத்தால்தான் வாயை மூடுகிறது. அந்த நிலையில் ஒரு கிராம் தங்கக் காசை இரண்டு விரல்கடை ஆழத்தில் புதைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. அதே ஆழத்தில் ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்தால் கல்யாண மேளம் மாதிரி கொட்டுகிறது. டிஸ்கிரிமினேஷனைத் திருகி ஆணியை அடக்கினால், மேசையில் வெறுமனே கிடக்கும் தங்கக் காசும் கூடவே அடங்கிவிடுகிறது.

நியாயமாகவே பேசுகிறேன். என் மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியையும் வைத்துப் பார்த்தேன், காயில் கிட்டே வந்தால்தான் முனகியது. அதை நான் குறை சொல்லவில்லை. சங்கிலியில் ஒவ்வொரு வளையமும் தனித்தனிச் சின்னத் துண்டாகத்தான் கருவிக்குத் தெரியும், நல்ல கருவிக்கே அது கஷ்டம். மூடிய வளையமான மோதிரத்தைக் காற்றில் நன்றாகவே கண்டுபிடிக்கிறது. கருவி கெட்டுப்போனது என்று நான் சொல்லவே இல்லை. அட்டைப்படத்துப் பையனுக்கு அது நல்ல கருவிதான். நான் கேட்டது அதுவல்ல, நீங்கள் உண்டு என்றதும் அதுவல்ல.

இதைச் சொன்னதும் உங்கள் சர்வீஸ் பிரிவிலிருந்து பேசிய தம்பி என்ன சொன்னார் தெரியுமா? "உங்க ஊர் மண்ணுல இரும்பு ஜாஸ்தி சார், மெஷின் ஓகே." ஐயா, மண்ணில் இரும்பு ஜாஸ்தி என்பதால்தானே அந்தக் கேள்வியையே கேட்டேன்!

அப்புறம் அவரே ஒரு வழியும் சொன்னார். இன்னும் 1,40,000 ரூபாய் கட்டினால் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி தருவார்களாம். காயிலே கிடையாது, முன்னால் இரண்டு ஆன்டெனா. இருநூறு மீட்டர் சுற்றளவில் தங்கம் எங்கே இருந்தாலும் ஆன்டெனா அந்தப் பக்கம் திரும்புமாம். கைப்பிடியில் ஆன்டெனாவைச் செருகி 'வெடிகுண்டு காட்டும் கருவி' என்று இராக்குக்கு விற்ற ஓர் ஆளுக்கு இங்கிலாந்தில் 2013-ல் பத்து ஆண்டு சிறை கிடைத்தது. உள்ளே வேலை செய்யும் பாகமே இல்லை. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்த சரக்கு அது. நீங்கள் விற்பதும் அதுவே என்று நான் சொல்லவில்லை. காயில் இல்லாமல் அது எப்படித் தங்கத்தை உணர்கிறது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னேன். இதுவரை பதில் இல்லை.

பணத்தை விடவும் என்னை உறுத்துவது உங்கள் தமிழ் வீடியோ. "தேவாலா, பந்தலூர் தங்கம் இனி உங்கள் கையில், அனுமதி எதுவும் தேவையில்லை" என்று தலைப்பு. இது முழுப் பொய். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதும் எடுப்பதும் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. காட்டுக்குள் என்றால் வனச் சட்டமும் சேரும். இங்கே பழைய வெள்ளைக்காரக் குழிகளுக்குள் இறங்கி மண் சரிந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்டேட்டில் நாள்கூலி வாங்கும் வீட்டுப் பையன்தான் இந்த வீடியோவைப் பார்த்து வட்டிக்குக் கடன் எடுப்பான், வசதியானவன் எடுக்கமாட்டான்.

போதாததற்கு, இங்குள்ள தங்கம் இந்தக் கருவிக்கு அகப்படும் ஜாதியே இல்லை. அது பெரும்பாலும் வெள்ளைக்கல் பாறைக்குள் பொடியாகப் பரவிக் கிடக்கிறது, ஓடையில் வருவதும் தூள்தான். விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரவ் ஸ்மித் என்பவரையே வரவழைத்து ஆராய்ந்தார்கள். அவர் அறிக்கை 1880-ல் வந்தது. அதை ஒட்டி லண்டனில் கம்பெனிகளும் பங்குகளுமாக ஒரே அமளி. சில ஆண்டுகளிலேயே எல்லாம் விழுந்தன. இயந்திரம் இறக்கிப் பாறையை இடித்தவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை. உங்கள் 7 கிலோஹெர்ட்ஸ் எதைக் காட்டப் போகிறது?

ஆகவே நான் கேட்பது: கருவியை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 38,500 ரூபாயையும், கூடலூருக்குப் போய்வந்த செலவையும் இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் போட வேண்டும். "மாற்று மாடல்", "கிரெடிட் நோட்" எதுவும் வேண்டாம். எங்கள் ஊர்ப் பெயரோடு இருக்கும் அந்த வீடியோவையும் எடுத்துவிட வேண்டும்.

தவறினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவேன். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் ஊருக்கு நான் வர வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. தவறான விளம்பரம் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தனியாக எழுதுவேன். அவர்கள் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம்.

ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல், கிளம்பிய ஸ்டிக்கரின் படம், அடித்தகட்டின் படம், உங்கள் விளம்பரப் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கருவியை அதன் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எடுக்க வருபவர் முதல் நாளே போன் செய்துவிட்டு வரட்டும். மழைக்காலத்தில் நாடுகாணி வழியில் மரம் விழுந்தால் பஸ் நின்றுவிடும், பிறகு ஆள் வந்தும் வீட்டில் யாரும் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பந்தலூர்.