சனசமூக நிலையச் செயலாளரின் 2024 ஆம் ஆண்டறிக்கை

தலைவர், போசகர், பொருளாளர், நிர்வாக சபையினர் மற்றும் இன்று வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்காக இவ்வறிக்கையின் பிரதி வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்படும்.

தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டி, சிரமதானம், வாணி விழா, ஒளிவிழா வழமைபோல் நடந்தன. கூரை ஒழுக்கு இன்னும் திருத்தப்படவில்லை. நிர்வாக சபை 9 தடவை கூடியது. அதில் 3 தடவை கோரம், அதாவது கூட்டம் நடத்தப் போதிய ஆட்கள், இல்லை.

மார்ச் மாதம் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊருக்கு, அல்லிராணி கோட்டை பார்க்கப் போன சுற்றுலா பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். "செயலாளர் இடிஞ்ச கட்டடம் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்" என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. மார்ச்சை நான் சும்மா தெரிவு செய்யவில்லை. அப்போது மன்னார்க் கடல் அடங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்ததும் அந்த மாதங்களில்தான்.

பெயர் கொடுத்தவர்கள் 44 பேர். பஸ்ஸில் ஏறியவர்கள் 23 பேர், அதில் 9 பேர் சிறுவர்கள். தவக்காலம் என்றார் ஒருவர். தவக்காலத்தில் கட்டடம் பார்க்கக் கூடாதென்று எந்தச் சுவாமியும் சொன்னதாக நான் அறியேன். "அரிப்பு பக்கத்திலதானே, எப்பவும் போகலாம்" என்றவர்கள் இன்றுவரை போகவில்லை, விசாரித்துவிட்டேன். 44 சோற்றுப் பார்சலுக்கும் காசு கட்டியாயிற்று.

அல்லிராணி கோட்டை என்று நாம் சொல்வது கோட்டை அல்ல. இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், சலாபத்தை மேற்பார்வையிட வந்து தங்குவதற்கு 1801 முதல் 1804 வரை கட்டிய மாளிகை. கட்டி முடிந்த மறுவருடமே அவர் பதவி விட்டுப் போய்விட்டார். இதை அங்கே விளக்கியபோது போசகர் ஐயா மனவருத்தப்பட்டார். அல்லிராணி அங்கிருந்துதான் முத்து எண்ணினாள் என்று அவருடைய அப்பு சொல்வாராம். இரண்டையும் பதிந்து வைக்கிறேன்.

தூண்களுக்குள்ளே வெறும் செங்கல். மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்பைப் பூசிப் பளிங்குபோல் மினுக்கியிருக்கிறார்கள். "முத்தை எடுத்துக்கொண்டு சிப்பிக் கோதைச் சுவருக்குப் பூசிட்டாங்கள்" என்றாள் ஒரு சிறுமி. எனக்கு அது தோன்றவில்லை. மாளிகை நிற்பது செம்மண் மேட்டின் விளிம்பில். கடல் மேட்டை அரித்து ஒரு பகுதியை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. ஊருக்கு அரிப்பு என்ற பெயர் பொருத்தம்தான். அடுத்த தலைமுறைக்கு அந்தத் தூண்கள் இருக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் நுவரெலியா கேட்டவர்களை அரிப்புக்குக் கூட்டிப்போனேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மாளிகையில் கால் மணித்தியாலம், கடற்கரையில் மூன்று மணித்தியாலம். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்து தப்பிய ரொபேர்ட் நொக்ஸ் 1679 இல் வந்து சேர்ந்த அரிப்புப் பழைய கோட்டைக்குத் திரும்பும்போது போனோம். இறங்கியவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் ஈர உடுப்போடு பஸ்ஸில் இருந்தார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் விளக்குவார். கணக்கில் கையிருப்பு உண்டு. அதில் பெரும்பகுதி உறுப்பினர்களின் கையில் இருக்கிறது. 61 பேரில் முழுச் சந்தா கட்டியவர்கள் 26. மாதம் 100 ரூபா. பஸ் கூலியில் குறைந்ததை ஒருவர் தன் கையிலிருந்து போட்டார். யாரென்று சொல்வது அழகல்ல. சிட்டை என்னிடம் இருக்கிறது.

தலைவருக்கும், நிர்வாக சபைக்கும், கதிரை தந்த ஆலய சபைக்கும், மிஞ்சிய 21 பார்சலைப் பெற்றுக்கொண்ட அரிப்புக் கடற்றொழிலாளர்களுக்கும் நன்றி.

முழங்கால் வலி காரணமாகச் செயலாளர் பதவியை ஒப்படைக்க விரும்புகிறேன். வேறொருவரும் முன்வராவிட்டால் சபையின் முடிவுக்குக் கட்டுப்படுவேன். அப்படியானால் வருகிற மார்ச்சிலும் பஸ் அரிப்புக்குத்தான் போகும், காசு முன்கூட்டியே கட்ட வேண்டும். பெயர் பதியும் கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் சந்தாப் புத்தகமும் இருக்கிறது.

இவ்வண்ணம்,
செயலாளர்