எதில் எத்தனை சதவீதம்? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதை ஒட்டி, விலையே 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று பொருள்படும் தலைப்புகளைப் பார்க்க நேர்ந்தது. வரிக்கு முன் 40,000 ரூபாய் விலையுள்ள ஏசி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வரியோடு அது 51,200 ரூபாய். புதிய வரியோடு 47,200 ரூபாய். குறைந்த தொகை 4,000 ரூபாய், அதாவது வாடிக்கையாளர் முன்பு கொடுத்த விலையில் 7.8 சதவீதம்தான். தலைப்பை நம்பிக் கடைக்குப் போனவர் 5,120 ரூபாய் குறையும் என்று கணக்குப் போட்டிருப்பார். மீதி 1,120 ரூபாயைக் கடைக்காரர் விழுங்கிவிட்டதாகவே அவருக்குத் தோன்றும். நெய், வெண்ணெய் போன்றவற்றின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதிலும் இதே கதைதான்: வரிக்கு முந்தைய விலை மாறாவிட்டால் விலை குறைவது 7 சதவீதம் அல்ல, 6.25 சதவீதம்.

வட்டிச் செய்திகளில் குழப்பம் இன்னும் கூடுதல். 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை) 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியதை '0.25 சதவீதம் குறைப்பு' என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சொல்லப்போனால் 6.50இல் 0.25 சதவீதம் என்பது வெறும் 0.016தான். ஆங்கிலச் செய்திகளில் 'பர்சன்டேஜ் பாயின்ட்' என்றோ 'பேசிஸ் பாயின்ட்' (அதில் நூறில் ஒரு பங்கு) என்றோ வருவது தமிழுக்கு வரும்போது 'பாயின்ட்' உதிர்ந்துபோய் நிற்கிறது. இரு சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறிக்கும் சதவீதப் புள்ளி என்ற சொல் நம்மிடம் இருந்தும் பொருளாதாரப் பக்கத்தைத் தாண்டி அது வருவதில்லை. வீட்டுக்கடன் வாங்கியவருக்கு அந்தச் சொல்லைவிடப் பயன்படுவது ரூபாய்க் கணக்கு: 20 ஆண்டுத் தவணையில் 30 லட்சம் ரூபாய்க் கடனுக்கு வட்டி 9 சதவீதத்திலிருந்து 8.75 ஆனால், மாதத் தவணை ஏறத்தாழ 480 ரூபாய் குறையும்.

ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் '50% + 20%' என்று போட்டுவிட்டு, பாதி போக மீதியில்தான் 20 சதவீதத்தைக் கழித்து, மொத்தம் 60 சதவீதம் மட்டும் குறைப்பது வியாபாரியின் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டு போய்விடலாம். செய்தியை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே, சதவீதமே கூடிக் குறையும் இடங்களில் வித்தியாசத்தை மட்டும் தராமல் பழைய எண், புதிய எண் இரண்டையும் தருமாறும், முடிந்தவரை அதை ரூபாயில் ஒரு வரி விளக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தலைப்பில் இடம் போதாது என்ற மறுப்பு எழலாம். 'ஏசி விலை 10 சதவீதம் குறைகிறது' என்பதைவிட 'ஏசி வரி 28%லிருந்து 18%' என்பது நீளமானதல்ல.

இப்படிக்கு,
நாளிதழ் வாசகர் ஒருவர்