ஏற்காடு மலைப்பாதை ரோந்து மோட்டார் சைக்கிள்களை மலையில் ஓட்டிப் பார்த்துத் தேர்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
இருசக்கர வாகன மெக்கானிக்குகள்,
ஏற்காடு மற்றும் அடிவாரம் பகுதி,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: மலைப் பகுதி ரோந்துக்கு மோட்டார் சைக்கிள் வாங்கும் முன் அடிவாரம் – ஏற்காடு பாதையில் சோதனை ஓட்டம் நடத்தவும், கீழ்க்காணும் தேவைகளை ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பில் சேர்க்கப் பரிந்துரைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரோந்து வண்டி தேர்வு என்றதும் முதலில் பேசப்படுவது எத்தனை சி.சி., எவ்வளவு வேகம் என்பதுதான். சேலம் நகரத்து ஐந்து ரோட்டிலும் நெடுஞ்சாலையிலும் அந்தக் கணக்கு செல்லும். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு பாதையில் செல்லாது. ஏறும்போது எந்த வண்டியும் எப்படியோ ஏறிவிடும். இறங்கும்போதும், கோடை விழாக் கூட்டத்தில் வண்டிகளுக்கு நடுவே நின்று நின்று ஊரும்போதும்தான் வண்டியின் தரம் தெரியும். ஆகவே பிரேக், கிளட்ச், மின்சாரம் ஆகிய மூன்றையும் முதன்மையாக வைத்து வண்டியைத் தேர்வு செய்ய வேண்டுகிறோம்.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறோம். வண்டி 150 கிலோ, இரண்டு காவலர்கள் 150 கிலோ, சாமான்கள் 20 கிலோ, மொத்தம் 320 கிலோ. இந்த எடை 1,100 மீட்டர் உயரம் இறங்கும்போது கிட்டத்தட்ட ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்படுகிறது. அதை இன்ஜினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும். கிளட்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ இறங்கினால் இன்ஜின் பிரேக் இல்லாமல் போய், ஏறக்குறைய முழுச் சூடும் பிரேக்கில் விழும். பின்சக்கரம் டிரம்மாக இருந்தால் ஷூவின் மேல்பரப்பு கண்ணாடி போல் பளபளப்பாகி, மிதித்தாலும் பிடிக்காது. டிஸ்க் என்றாலும் பிரேக் ஆயில் பழசாக இருந்தால் ஆபத்துதான். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகி, லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொள்ளும். மூடுபனியும் மழையும் உள்ள ஏற்காட்டில் ஆயில் ஈரத்தை வேகமாக இழுக்கும். எனவே முன்னும் பின்னும் டிஸ்க், டாட் 4 ஆயில், ஆண்டுக்கு ஒரு முறை கட்டாய ஆயில் மாற்றம் என்று விவரக்குறிப்பிலேயே எழுத வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் முன்சக்கரத்துக்கு மட்டும் உள்ள ஒற்றைச் சேனலும் அந்த விதியில் அடங்கிவிடுகிறது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரம் லேசாகி, கொஞ்சம் அழுத்தினாலே பூட்டிக்கொண்டு வழுக்கும். வளைவில் சருகும் செம்மண்ணும் கிடக்கும். நிறைய டீசல் நிரப்பிய வண்டிகளின் டேங்கிலிருந்து சிந்திய டீசலும் கிடக்கும். ஆகவே இரு சக்கரங்களுக்கும் உள்ள இரட்டைச் சேனல் ஏபிஎஸ் தவிர வேறு எதையும் ஏற்க வேண்டாம்.

அடுத்து இழுவை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிடக் கணிசமாகக் குறைவு. கடல் மட்டத்தில் 14 குதிரைத்திறன் தரும் இன்ஜின் ஏற்காட்டில் 12 அளவில்தான் தரும். இதற்காக 350 சி.சி. கனரக வண்டிக்குப் போக வேண்டியதில்லை. அந்த ரகத்தில் 195 கிலோ எடையுள்ள வண்டியை, சரிவில் நிறுத்தி எடுப்பதும் குறுகிய பாதையில் திருப்புவதும் ஒருவரால் ஆகாத காரியம். விழுந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும். 160 முதல் 200 சி.சி.க்குள், 160 கிலோவுக்கு மிகாமல், குறைந்த சுழற்சியிலேயே இழுவை தரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி போதும். இன்னும் இழுவை வேண்டுமானால் செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைக்கலாம். 15-க்குப் பதில் 14 போட்டால் சக்கர இழுவை ஏழு சதவீதம் கூடும். உச்ச வேகம் குறையும், மலையில் அது நட்டமில்லை. செயின் தேய்மானம் கொஞ்சம் கூடும், அதற்கேற்ப சீக்கிரம் மாற்ற வேண்டும்.

கிளட்ச் பிளேட் கருகுவது பெரும்பாலும் ஓட்டும் முறையால். ஏற்றத்தில் வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்துவதுதான் காரணம். பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு புறப்படும் பழக்கத்தைக் காவலர்களுக்கு அரை நாள் பயிற்சியில் சொல்லித் தரலாம். கிளட்ச் கேபிள் அறுந்தால் வண்டி வளைவிலேயே நின்றுவிடும். வண்டி வாங்கியதுமே ஓடும் கேபிளுடன் இன்னொரு கேபிளைச் சேர்த்து டேப் சுற்றி வைத்துவிட்டால், அறுந்த இடத்திலேயே இரு முனைகளையும் மாற்றிப் பத்து நிமிடத்தில் கிளம்பலாம்.

சீட்டின் உயரம் பலர் கவனிக்காத விஷயம். காவலர் தேர்வில் பெண்களுக்கான குறைந்தபட்ச உயரம் 159 செ.மீ., ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157 செ.மீ. 825 மி.மீ. உயரச் சீட்டுள்ள வண்டியைச் சரிவில் நிறுத்தினால் பள்ளப்புறம் அவர்களுடைய கால் தரையைத் தொடாது, வண்டி சாயும். பெண் காவலர்களும் ரோந்து போக வேண்டுமென்றால் சீட் 800 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நாகலூர், மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட் மண் பாதைகளுக்கு மட்டும் உயரமான, ஸ்போக் சக்கரம் போட்ட இரண்டு வண்டிகள் தனியாக வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் நல்லது. முள் குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே அடைத்துவிடலாம்.

மின்சாரத்தில்தான் ரோந்து வண்டிகள் அதிகம் படுத்துவிடுகின்றன. இந்த ரக வண்டிகளில் வருவது 12 வோல்ட், 4 முதல் 9 ஆம்பியர்-மணி பேட்டரி. 25 வாட் வயர்லெஸ் செட் பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சைரன், ஒலிபெருக்கி, சுழல்விளக்கு சேர்ந்தால் இன்னும் கூடும். வண்டி ஓடாமல் நிற்கும்போது, அல்லது ஐடிலில் நிற்கும்போது, இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் இதற்கு ஈடுகொடுக்காது. பேட்டரி இறங்கினால் செல்ஃப் எடுக்காது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப்புக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு செத்துவிட்டால் தள்ளினாலும் கிளம்பாது. ஆகவே சைரனுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் தனியாக ஒரு துணை பேட்டரி, இன்ஜின் ஓடும்போது மட்டும் அதை இணைக்கும் ரிலே, ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃப்யூஸ் வேண்டும். வண்டியின் மூல வயரிங்கை நடுவில் வெட்டி இணைப்பு எடுக்கக் கூடாது. அந்த இணைப்பில் பனி இறங்கிப் பச்சை பூத்து, எங்கே கோளாறு என்றே தெரியாமல் நாள் கணக்கில் வண்டி முடங்கும். உற்பத்தியாளரே தனி வயரிங் செட் பொருத்தித் தர வேண்டும் என்று கேட்டால் உத்தரவாதமும் போகாது. முகப்பு விளக்கின் வெள்ளை ஒளி மூடுபனியில் சுவராக எழும்பிக் கண்ணுக்கே திரும்பும். அதனால் கீழே, முன்சக்கர மட்டத்தில், அகலமாகப் பரவும் மஞ்சள் விளக்கு இரண்டு வேண்டும்.

பத்து வண்டிகளுக்கு முதல் ஆண்டில் இருப்பில் வேண்டியவை: பிரேக் பேட் முன், பின் தலா 10 செட், கிளட்ச் பிளேட் 3 செட், கிளட்ச் கேபிள் 20 (10 வண்டியோடு கட்ட), ஆக்ஸிலேட்டர் கேபிள் 5, செயின் ஸ்ப்ராக்கெட் 4 செட், ஃபோர்க் ஆயில் சீல் 4 ஜோடி, பிரேக், கிளட்ச் லீவர் தலா 10, பஞ்சர் கிட் 10. விழும் வண்டியில் முதலில் உடைவது லீவர் என்பதால் அதைக் குறைக்க வேண்டாம். சர்வீஸை கி.மீ. பார்த்து மட்டும் செய்யக் கூடாது. முதல், இரண்டாம் கியரிலேயே ஓடும் வண்டியில் 2,500 கி.மீ.க்கான இன்ஜின் ஆயில், சமவெளியில் ஓடியதைவிட முன்னதாகவே கெட்டுவிடும். எது முதலில் வருகிறதோ, 2,500 கி.மீ. அல்லது இரண்டு மாதம் என வைக்கலாம். செயினை 500 கி.மீ.க்கு ஒரு முறை துடைத்து ஆயில் விட வேண்டும்.

1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி கொள்முதல் நடக்கும்போது, குறிப்பில் எழுதாத எதையும் பிறகு கேட்க முடியாது. ஆகவே எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், மேலே சொன்ன அளவுகளை மட்டும் எழுதி, கீழ்க்காணும் சோதனையில் தேறும் வண்டிகளை மட்டுமே விலை ஒப்பீட்டுக்கு எடுக்கக் கோருகிறோம்.

சோதனை: 320 கிலோ மொத்த எடையுடன் அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்த் திரும்பும் ஓட்டம், இடைவெளியின்றி மூன்று முறை. ஒவ்வொரு இறக்கத்தின் முடிவிலும் டிஸ்க்கின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியில் குறிக்க வேண்டும். லீவர் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளவெடுக்க வேண்டும். ஏற்றத்தில் உள்ள வளைவு ஒன்றில் பத்து முறை நின்று புறப்பட வேண்டும், கிளட்ச் வழுக்கக் கூடாது. இன்ஜினை அணைத்து, வயர்லெஸ், சுழல்விளக்கு இரண்டையும் அரை மணி நேரம் எரியவிட்டு, பிறகு ஐந்து முறை செல்ஃப் எடுக்க வேண்டும். கடைசியாக, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் பிரதான பாதை சரிந்தபோது பயன்பட்ட குப்பனூர் வழியிலும் ஒரு முறை ஓட்ட வேண்டும். அந்தப் பாதை குறுகலானது, வண்டி திரும்பும் வட்டம் அங்கேதான் தெரியும்.

சோதனை ஓட்டத்துக்குத் தாங்கள் நாள் குறித்தால் வெப்பமானி, அளவுகோல், கருவிகளுடன் அடிவாரம் சோதனைச் சாவடியில் காத்திருக்கிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏற்காடு, அடிவாரம் பகுதி இருசக்கர வாகன மெக்கானிக்குகள்

இடம்: ஏற்காடு