நைட் டியூட்டி இன்சார்ஜ் ஆகப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதத்திலிருந்து நைட் டியூட்டிக்கு நீதான் இன்சார்ஜ் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இன்சார்ஜ் எப்படி முன்மாதிரியாக இருப்பது என்று கேட்டிருந்தாய். நான் வேலை பார்க்கும் இங்கிலாந்து வார்டுகளில் சிஸ்டர்கள் பதறாமல் வேலை செய்கிறார்களாமே, அது இந்த நாட்டுக்காரர்களின் சுபாவமா என்றும் கேட்டிருந்தாய். சுபாவம் இல்லை. ஒரே வார்டில் பிலிப்பைன்ஸ், கேரளம், நைஜீரியா, அயர்லாந்து என்று பல ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் ஒரே சுபாவம் எங்கிருந்து வரும்? பேஷண்ட் மோசமாவதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்னால், யாருக்கும் அவசரம் இல்லாத வேளையில் செய்து வைக்கிற வேலைதான் பிறகு நிதானமாகத் தெரிகிறது. அந்த வேலை என்னென்ன என்று எழுதுகிறேன்.

இங்கே நைட் டியூட்டி பெரும்பாலும் இரவு ஏழரைக்குத் தொடங்கிக் காலை எட்டு வரை, பன்னிரண்டரை மணி நேரம். குளிர்காலத்தில் வரும்போதும் இருட்டு, போகும்போதும் விடிந்தும் விடியாத நேரம். பெரிய டாக்டரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும், ஆனால் அவசரத்தில் இதன் அருமை தெரியும்.

ஹேண்டோவர் தாளிலிருந்து, அதாவது முந்தின டியூட்டிக்காரர்கள் ஒப்படைக்கும் பேஷண்ட் விவரத் தாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். கம்ப்யூட்டரில் எடுத்த ஒரே தாள், நாலாக மடித்துப் பாக்கெட்டில் இருக்கும். ஒவ்வொரு பேஷண்ட் பெயருக்கும் எதிரே 20, 22, 24, 02, 04, 06 என்று மணிக்கட்டங்கள். செய்ய வேண்டியதற்கு ஒரு சின்ன வட்டம், செய்து முடித்த பிறகு அந்த வட்டத்துக்குள் டிக். "இதோ கொடுக்கத்தானே போகிறோம்" என்று முன்கூட்டி டிக் போடுகிற பழக்கம் ஒரு நாளும் வரக்கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய்விட்டால், கொடுக்காத ஆன்டிபயாட்டிக் கொடுத்ததாகவே காலைவரை நிற்கும். டியூட்டி முடிந்ததும் அந்தத் தாளை ரகசியக் காகிதங்களுக்கான தொட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். பேஷண்ட் விவரம் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தால் இங்கே பெரிய குற்றம்.

அடுத்தது அவசர டிராலி, அதாவது உயிர் காக்கும் கருவிகளும் மருந்துகளும் வைத்திருக்கும் வண்டி. தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு உண்டு. டிராலியின் பிளாஸ்டிக் சீல் எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தால் இழுப்பறைகளுக்குப் போதும். வெளியே இருப்பவற்றைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று பார். சக்‌ஷனை (சளி, வாந்தியை உறிஞ்சும் மெஷின்) ஓடவிட்டுக் குழாய் நுனியை விரலால் மூடினால் அழுத்தம் ஏறுகிறதா என்று பார். இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப் மெஷினின் தினசரி டெஸ்ட், அதன் பேடுகளின் காலாவதித் தேதி இரண்டையும் விடாதே. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாது. சிலிண்டர் காலியாக இருப்பது எப்போது தெரிய வரும் என்று நினைத்துக்கொள்: மாஸ்க்கைப் பொருத்திவிட்டு "ஏன் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) ஏறவில்லை" என்று நாலு பேர் முழிக்கும்போது. முந்தின நாள் கையெழுத்தைப் பார்த்து இன்றைக்கும் போடுகிற வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. இன்சார்ஜ் தானே குனிந்து சிலிண்டரைத் திறப்பதை ஜூனியர்கள் ஒரு வாரம் பார்த்தார்கள் என்றால் அந்த வழக்கம் தானாகக் குறையும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூச்சு எண்ணுவது.

பேஷண்ட் மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்ட இங்கே நியூஸ் 2 என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது; எண் ஏற ஏற ஆபத்து. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற டாக்டர்கள் அமைப்பு 2012-ல் கொண்டுவந்தது, 2017-ல் திருத்தியது. மூச்சு, சாச்சுரேஷன், கூடுதல் ஆக்சிஜன் வைத்திருக்கிறோமா என்பது, மேல் பி.பி., பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டல் 5 ஆனால் வார்டு டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது திரும்ப அளக்க வேண்டும். 7 ஆனால் தீவிர சிகிச்சை தெரிந்த குழுவே வர வேண்டும், பேஷண்டை விட்டுக் கண் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு அளவு தனியாக 3 வாங்கினாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூச்சு நிமிஷத்துக்கு 22, அதற்கு 2. ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 94, அதற்கு 1. மேல் பி.பி. 104, அதற்கு 1. பல்ஸ் 112, அதற்கு 2. டெம்பரேச்சர் 38.4, அதற்கு 1. நினைவு சரியாக இருக்கிறது, 0. மொத்தம் 7. இதில் பல்ஸும் பி.பி.யும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நாம்தான் எண்ண வேண்டும். தூங்குகிறவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு 18 என்று எழுதினால் அதற்கு 0, மொத்தம் 5. பேஷண்ட் அதே பேஷண்ட்தான், ஆனால் ஓடி வர வேண்டிய குழு வராது. எழுதியவருக்கு மனசாட்சி உறுத்தக்கூட உறுத்தாது, ஏனென்றால் 18 என்பது பார்க்கச் சரியான எண். இப்படிச் சாதாரணமாகத் தெரிகிற எண்ணில்தான் ஒரு நைட் டியூட்டியின் ஒழுங்கு கெடுகிறது.

அதனால் முழுதாக ஒரு நிமிஷம் எண்ணு. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் பேஷண்டின் மூச்சு மாறிவிடும். பல்ஸ் பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு, போர்வை நெஞ்சில் ஏறி இறங்குவதைப் பார். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கற்ற மூச்சில் ஏமாற்றும். இந்த ஒரு நிமிஷம் எண்ணுகிறவருக்கும் நல்லது. ஓடிக்கொண்டிருந்த மனசு அங்கே நிற்கும்.

டாக்டருக்குப் போன் செய்வதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். எஸ்பார் என்பார்கள். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்று நாலே படி. மேலே சொன்ன பேஷண்டுக்கு இப்படி இருக்கும்: "வார்டு சிஸ்டர் பேசுகிறேன். 4-ஆம் படுக்கை பேஷண்டின் நியூஸ் 7. ஆறு மணிக்கு 2 தான் இருந்தது. குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். செப்சிஸ் (கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் தாக்குவது) என்று சந்தேகப்படுகிறேன். பத்து நிமிஷத்துக்குள் வந்து பாருங்கள். அதற்குள் ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?" நம்மில் பலர் சறுக்குவது கடைசிப் படியில்தான். விவரம் எல்லாம் சொல்லிவிட்டு "சும்மா தகவலுக்குச் சொன்னேன் டாக்டர்" என்று முடித்துவிடுவோம். டாக்டர் அதைத் தகவலாகவே எடுத்துக்கொள்வார். என்ன வேண்டும், எத்தனை நிமிஷத்துக்குள் வேண்டும் என்று வாய்விட்டுக் கேள். போனை எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு: நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், குரல் நடுங்காது.

பேஷண்ட் அசைவில்லாமல், சரியாக மூச்சும் விடாமல் கிடந்தால் இங்கே ஆஸ்பத்திரிக்குள் 2222 என்ற அவசர எண்ணை அடிக்க வேண்டும், எந்த வார்டு என்று சொல்ல வேண்டும். நெஞ்சு அழுத்தும் முறை உனக்குத் தெரியும்: 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்ற வேண்டும். களைத்தவருக்கு ஆழம் குறைவது அவருக்கே தெரியாது. இன்சார்ஜ் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். முதலில் வந்தது நீ என்றால் அழுத்தத் தொடங்கு. ஆள் வந்ததும் கையை எடுத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் நில். கையில் வேலை இருக்கும்வரை கண் அந்த வேலையை மட்டும்தான் பார்க்கும். மணி என்ன, ஐ.வி. லைன் இருக்கிறதா, பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்து எழுந்துவிட்டாரா என்றெல்லாம் பார்க்க ஒருவர் வேண்டும். "யாராவது டிராலி கொண்டு வாங்க" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். பெயரைச் சொல்லி ஒரு வேலையைக் கொடு. அவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும், செய்ததும் "அட்ரினலின் 1 மி.கி. போட்டாச்சு" என்று உரக்கச் சொல்லட்டும், ஒருவர் நேரத்தை எழுதட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கத்தின் அருமை என்று மேலே எழுதினேனே, அது இதுதான்.

முன்மாதிரி பற்றி நீ கேட்டதற்கு ஒரு சின்ன உண்மை. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறையில் இருந்த மூத்தவர் கை சுத்தம் செய்யாதபோது கூட இருந்தவர்களும் கை சுத்தம் செய்வது குறைந்ததாகக் கண்டார்கள். சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டியிருந்தாலும் எல்லோரும் பார்ப்பது உன் கையைத்தான். ஆல்கஹால் என்றால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. வயிற்றுப்போக்கு பேஷண்டிடமிருந்து வந்தால் சோப்புதான். சி.டிஃப் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. இங்கே முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் கூடாது, வேலைப்பாடு இல்லாத கல்யாண மோதிரம் மட்டும் விதிவிலக்கு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், நீ அந்தத் தவறைச் செய்வாய் என்று எனக்குப் பயம். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிஷமாவது இடைவேளை என்பது 1998-லிருந்து இங்கே சட்டம். ஒரு டியூட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே 11 மணி நேரம் ஓய்வு. ஆனாலும் இன்சார்ஜ் பொறுப்புணர்ச்சியில் சாப்பிடாமல், உட்காராமல் ஓடினால், ஜூனியர்கள் அதையே உழைப்பு என்று நினைத்துக்கொண்டு அவர்களும் உட்கார மாட்டார்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடம்பின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் பசியோடு இன்சுலின் அளவு பார்க்கிறவர்களை நினைத்துப் பார். அதனால் இரவு ஒன்பதுக்கே யார் எப்போது இடைவேளை போகிறார்கள் என்று எழுதி ஒட்டிவிடு, உன் பெயரையும் சேர்த்து. உன் நேரம் வந்ததும் எழுந்து போ. இன்சுலின் மாதிரி ஆபத்தான மருந்துகளை இருவர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பிறகு ஒப்பிடட்டும். ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டுவதில் இரட்டைச் சரிபார்ப்பு ஒன்றும் இல்லை.

தவறு நடந்தால் நீ முதலில் உன்னுடையதைச் சொல். மருந்து நேரம் தவறிப்போனது என்றாலும், ஹேண்டோவரில் எல்லோர் முன்பும் சொல்லிப் பதிவு செய். கத்துகிற இன்சார்ஜிடம் தவறு குறையாது, தவறு காதுக்கு வருவதுதான் குறையும்.

உடம்பை விட்டுவிடாதே. நைட் முடிந்து வந்தால் ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை, போன் வேறு அறையில். காபியில் உள்ள கஃபீன் பாதி குறையவே ஐந்து மணி நேரம்போல ஆகும். ஆகவே கடைசி காபி இரண்டு மணிக்குள் முடியட்டும். நைட் முடிந்த காலையில் நீயே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதே, இதை மட்டும் எனக்காகக் கேள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. இங்கே நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க மூன்று வருஷத்துக்கு ஒரு முறை 450 மணி நேர வேலை, 35 மணி நேரப் படிப்பு, நம் வேலை பற்றி வந்த ஐந்து கருத்துகள், நாமே எழுதிய ஐந்து சிந்தனைக் குறிப்புகள் காட்ட வேண்டும். அந்தக் குறிப்பு ரொம்பச் சின்னது: என்ன நடந்தது, அதிலிருந்து என்ன தெரிந்தது, இனி எதை மாற்றிச் செய்வேன். உன்னிடம் யாரும் கேட்காவிட்டாலும் வாரத்துக்கு ஒன்று எழுது. மூன்றாவது கேள்விக்குப் பதில் "இன்னும் கவனமாக இருப்பேன்" என்று வந்தால் அடித்துவிட்டுத் திரும்ப எழுது. "பத்து மணி ரவுண்டில் 4-ஆம் படுக்கைக்கு முதலில் போவேன்" என்ற மாதிரி, கையால் செய்யக்கூடிய ஒன்றாக அது இருக்க வேண்டும்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பார்கள். அன்றைய நைட் ஒரு மணி நேரம் நீளும், ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். மருந்துச் சீட்டில் அது எந்த ஒன்றரை என்று எழுதாவிட்டால் பாராசிட்டமால் இரண்டு தடவை போய்விடும். அன்றைக்கு இன்சார்ஜ் செய்யும் முதல் வேலை, வெள்ளைப் பலகையில் அதைப் பெரிதாக எழுதி வைப்பது.

ஹேண்டோவர் தாளின் கட்டங்களை வெறும் தாளில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வார்டில் எத்தனை படுக்கையோ அத்தனை வரிசை போட்டுக்கொள். முதல் வாரம் முடிந்ததும் எந்தக் கட்டம் உதவியது, எது இடைஞ்சல் என்று எழுது.

அன்புடன்,
அக்கா