அமெச்சூர் கோல்ஃப் சங்கங்களின் போட்டிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேப்டன்கள், செயலாளர்கள், போட்டிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சொந்தத் திடல் இல்லாமல், ஆண்டுக்குச் சில முறை ஏதேனும் ஒரு திடலில் ஒன்றுகூடி ஆடும் அமெச்சூர் கோல்ஃப் சங்கத்தை நடத்துவது எவ்வளவு உழைப்பைக் கேட்கும் வேலை என்பதை அறிவேன். திடலில் நேரம் கேட்டு வாங்குவது, முன்பணம் கட்டுவது, கடைசி நேரத்தில் வர இயலாதவருக்கு மாற்று ஆள் தேடுவது, யாரை யாரோடு சேர்த்து அனுப்புவது என்று யோசிப்பது என எல்லாமே ஊதியம் எதிர்பாராத இரண்டு மூன்று பேரின் தலையில்தான் விழுகிறது. அந்த உழைப்புக்கு மனமார நன்றி சொல்லிவிட்டு, அதையெல்லாம் பாழாக்கிவிடும் ஒரு குறையைப் பற்றி எழுதத் துணிகிறேன். நம் சங்கங்களில் பல, உறுப்பினர்களின் ஹேண்டிகேப் கணக்கை, அதாவது அவரவர் திறமைக்கேற்பக் கழித்துக்கொள்ளத் தரும் சலுகை அடிகளின் கணக்கை, முறையாக வைத்துக்கொள்வதில்லை. அதனால் நட்புக்காக நடத்தும் போட்டியின் முடிவில் வென்றவர் மீது சந்தேகம் விழுகிறது. அந்தச் சந்தேகத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் வென்றவர் அல்ல, கணக்கு வைத்திருக்க வேண்டிய குழுதான் என்பதே நான் சொல்ல வந்தது.

சில காலம் முன்பு ஓர் அவுட்டிங்கில் (சங்கத்தார் ஒன்றுகூடி ஆடும் நாளில்) நேரில் கண்டதைச் சொன்னால் என் கவலை விளங்கும். அன்று எங்கள் நால்வரில் ஒருவராக ஆடிய அம்மையார் சங்கத்தில் சேர்ந்து அது இரண்டாவது பருவம். பதிவேட்டில் அவருடைய ஹேண்டிகேப் 28. அவருக்கு மார்க்கராக இருந்து ஒவ்வொரு குழிக்கும் அடிகளை எழுதியவன் நான். கடினமான பார் 4 குழி (தேர்ந்தவர் நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி) ஒன்றில் அவருடைய இரண்டாவது அடி பங்கருக்குள், அதாவது மணல் பள்ளத்துக்குள், விழுந்தது. முந்தைய பருவத்தில் அதே போன்ற மணலில் அவர் மூன்று நான்கு அடிகளை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போதோ பந்துக்குச் சற்றுப் பின்னால் மணலை ஒரே வீச்சில் எடுத்து, பந்தை க்ரீன் மேல் (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரை மேல்) ஏற்றி, இரண்டே பட்டில் (உருட்டும் அடியில்) முடித்தார். ஐந்து அடிகள். அந்தக் குழியில் அவருக்கு உரிய இரண்டு அடிச் சலுகையைக் கழித்தால் மூன்று. சலுகை கழித்தபின் பாருக்கு இரண்டு புள்ளி, அதைவிட ஓர் அடி குறைந்தால் மூன்று என்று தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் கணக்கில் மூன்று புள்ளிகள். இன்னும் சில குழிகள் கடந்தபின், ரஃப்பில் (நீண்ட புல்லில்) கிடந்த பந்தின் அருகிலிருந்த காய்ந்த குச்சியை அவர் அகற்றியபோது பந்து லேசாக உருண்டது. நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். மற்ற இருவரும் தங்கள் பந்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவரே என்னைக் கூப்பிட்டுச் சொல்லி, பந்தைப் பழைய இடத்தில் வைத்து, ஓர் அடி தண்டத்தையும் எழுதச் சொன்னார். ஆட்டம் முடிந்தபோது அவருக்கு 43 புள்ளிகள். அடுத்து வந்தவருக்கு 37.

பரிசளிப்பில் அவர் பெயரை வாசித்ததும் எழுந்த கைத்தட்டல் உடனே அடங்கிவிட்டது. "இருபத்தெட்டாமே!" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். அந்த 28 என்பது அவர் சங்கத்தில் சேர்ந்தபோது கொடுத்த எண். அதற்குப் பிறகு பல மாதங்கள் பயிற்சியாளரிடம் கற்றார், நண்பர்களோடு ஆடினார், ஆட்டம் தேறியது. அந்த ஸ்கோர்களை யாரும் அவரிடம் கேட்கவில்லை. எங்கே, எப்படிக் கொடுப்பது என்றும் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பின் அவர் எந்த அவுட்டிங்குக்கும் வரவில்லை.

பெரும்பாலும் நடுவர் இல்லாமலே ஆடப்படும் விளையாட்டு கோல்ஃப். தண்டத்தைத் தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும் என்று விதிப்புத்தகமே ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கிறது. வாழ்நாள் முழுவதும் அமெச்சூராகவே போட்டிகளில் ஆடிய பாபி ஜோன்ஸ், 1925 அமெரிக்க ஓப்பனில் தன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லி ஓர் அடி தண்டம் ஏற்றார். பிறகு சமநிலையில் முடிந்து, ப்ளேஆஃபில் பட்டத்தை இழந்தார். அந்த அளவு நம்பிக்கையின் மேல் நிற்கும் விளையாட்டில், தன் தவறைத் தானே சொன்ன ஒருவரை வெறும் ஓர் எண்ணை வைத்துச் சந்தேகிக்க நேர்ந்தால், அந்த எண்ணை வைத்திருந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. சுற்று முழுவதற்கும் ஸ்கோரை எண்ணும் ஸ்ட்ரோக் ப்ளே போட்டிகளில் ஸ்கோர்கார்டில் தன் ஹேண்டிகேப்பைச் சரியாகக் காட்டும் பொறுப்பு முன்பு ஆட்டக்காரருடையதாக இருந்தது. கூடுதலாக எழுதி அதனால் பலன் அடைந்தால் தகுதிநீக்கம். 2023 விதிகள் அதை மாற்றின. ஒவ்வொரு குழியிலும் எடுத்த அடிகளைச் சரியாகத் தருவது ஆட்டக்காரரின் கடமை, அந்தப் போட்டிக்கான ஹேண்டிகேப் சலுகையைக் கணக்கிடுவது குழுவின் கடமை என்று இப்போது விதிகள் தெளிவாகப் பிரித்துவிட்டன. நம் சங்கங்களில் பல இன்னும் பழைய வழக்கத்திலேயே, காலையில் பதிவு மேசையில் "உங்கள் ஹேண்டிகேப் என்ன?" என்று கேட்டு, சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொள்கின்றன.

2020-இல் தொடங்கிய உலக ஹேண்டிகேப் முறை, அதுவரை வெவ்வேறாக இருந்த ஆறு முறைகளை ஒன்றாக்கியது. ஒருவருடைய கடைசி 20 ஸ்கோர்களை ஆடிய திடலின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அவற்றில் சிறந்த எட்டின் சராசரியை எடுத்தால் அதுவே அவருடைய இன்டெக்ஸ், அதாவது அடிப்படை ஹேண்டிகேப் எண். இதில் நாம் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. சிறந்த எட்டை மட்டும் எடுப்பதால், இந்த எண் ஒருவர் வழக்கமாக ஆடும் அளவைக் காட்டுவதில்லை; நன்றாக ஆடும் நாளில் எட்டக்கூடிய அளவையே காட்டுகிறது. ஆகவே பெரும்பாலான நாட்களில் பெரும்பாலானோர் 36 புள்ளிகளை, அதாவது 18 குழிகளுக்குக் குழிக்கு இரண்டு வீதம் வரும் அளவை, தொடமாட்டார்கள், அது இயல்பு. மறுபுறம், முப்பது பேர் ஆடும் களத்தில் யாரோ ஒருவருக்கு அது அந்தப் பருவத்திலேயே சிறந்த நாளாக அமைவதும் இயல்பு. உயர்ந்த ஹேண்டிகேப் உள்ளவரின் ஸ்கோர் நாளுக்கு நாள் அதிகம் ஏறி இறங்கும் என்பதால் அந்த ஒருவர் அவராக இருக்கவும் வாய்ப்பு அதிகம். அதற்காகத்தான் இத்தகைய களத்தில் தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டுக்கு ஹேண்டிகேப்பில் 95 சதவீதமும், இருவர் இணையாக ஆடி ஒவ்வொரு குழியிலும் சிறந்த ஸ்கோரை எடுத்துக்கொள்ளும் ஃபோர்பால் ஸ்ட்ரோக் ப்ளேவுக்கு 85 சதவீதமும் மட்டும் தரும்படி முறையே பரிந்துரைக்கிறது. இந்தக் கழிவைச் செய்யாமல் முழு ஹேண்டிகேப்பையும் கொடுத்துவிட்டு, பிறகு வென்றவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

திடலுக்குத் திடல் செய்ய வேண்டிய மாற்றத்தை நம் சங்கங்கள் இன்னும் பரவலாகக் கைவிடுகின்றன. ஆடும் இடமே ஒவ்வொரு முறையும் மாறும் நமக்குத்தான் அது மிகவும் தேவை. ஒவ்வொரு திடலின் ஒவ்வொரு டீக்கும் (முதல் அடி அடிக்கும் இடத்துக்கும்), தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்று காட்டும் ஸ்லோப் மதிப்பு உண்டு. 55 முதல் 155 வரை போகும் அந்த அளவில் 113 என்பது நடுத்தரம். இன்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, திடலின் தரமதிப்புக்கும் (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ளவர் எடுக்கக்கூடிய அடிகளுக்கும்) பாருக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்தால் அன்றைய திடலுக்கான ஹேண்டிகேப் வரும். தரமதிப்பும் பாரும் சமமாக உள்ள இரண்டு திடல்களை எடுத்துக்கொள்வோம். 20 இன்டெக்ஸ் உள்ளவருக்கு, ஸ்லோப் 100 உள்ள எளிய திடலில் 18 அடிகள் கிடைக்கும். 135 உள்ள கடினத் திடலில் 24 அடிகள். ஆறு அடி வித்தியாசம் போட்டியின் முடிவையே மாற்றிவிடும். இரண்டு இடத்திலும் 20 என்றே எழுதினால், ஓரிடத்தில் அவருக்கு இரண்டு அடிகளைத் தானமாகக் கொடுக்கிறோம், மற்றோரிடத்தில் உரிய நான்கு அடிகளைப் பறித்துக்கொள்கிறோம். ஆண்களும் பெண்களும் வெவ்வேறு டீக்களிலிருந்து ஆடும் நாட்களில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது.

வென்றவரின் ஹேண்டிகேப்பை அடுத்த அவுட்டிங்குக்கு இரண்டு அடி குறைப்பது, இரண்டாம் இடத்துக்கு ஓர் அடி குறைப்பது என்னும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. ஒருவரே எல்லாப் பரிசுகளையும் அள்ளிப்போவதைத் தடுக்கும் நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். ஆனால் பத்துப் பேர் வந்த மழைநாளில் 33 புள்ளிகளோடு வென்றவருக்கும், நாற்பது பேர் வந்த நல்ல நாளில் 44 புள்ளிகளோடு வென்றவருக்கும் ஒரே வெட்டு விழுகிறது. முதலாமவர் தன் ஹேண்டிகேப் அளவுக்குக்கூட ஆடவில்லை. எல்லா ஸ்கோர்களும் முறையாகப் பதிவானால் இந்த வேலையை உலக ஹேண்டிகேப் முறை தானே செய்துவிடும்: தன் இன்டெக்ஸைவிட ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அடிகள் சிறப்பாக ஆடினால் கூடுதலாக ஒன்று குறையும், பத்து அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு குறையும். அந்த அம்மையாரின் 43 புள்ளிகள் பதிவாகியிருந்தால் அவருடைய எண் மறுநாளுக்குள் இறங்கியிருக்கும். அதற்கு முன் அவர் ஆடிய ஆட்டங்களும் பதிவாகியிருந்தால் அவர் 28-இல் ஆடியே இருக்கமாட்டார்.

வேண்டுமென்றே ஹேண்டிகேப்பை உயர்த்தி வைத்துக்கொள்பவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல ஸ்கோரை மறந்துவிட்டு மோசமான ஸ்கோரை மட்டும் நினைவாகப் பதிவு செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் முறையிலேயே கடிவாளம் இருக்கிறது. முந்தைய 365 நாட்களில் தொட்ட மிகக் குறைந்த இன்டெக்ஸைவிட மூன்று கூடியதும் மேற்கொண்டு ஏறுவது பாதியாகக் குறையும். ஐந்துக்கு மேல் ஏறவே ஏறாது. அதற்கும் அடங்காதவரின் எண்ணை ஹேண்டிகேப் குழு நேரடியாகத் திருத்தலாம். ஆனால் அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே திருத்த வேண்டும். பரிசு மேசையின் அருகில் நின்றுகொண்டு ஜாடையாகப் பேசுவது அந்த நடைமுறைக்கு ஈடாகாது. குற்றமற்றவர் அதனால் காயப்படுகிறார், குற்றமுள்ளவர் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஆட்ட வடிவத்தைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் வகுத்த புள்ளி முறையில் 1932-இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் முதல் போட்டி நடந்தது. ஒரு குழியில் சறுக்கியவர் அத்தோடு மனம் உடைந்து ஆட்டத்தைக் கைவிடாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பார், அதற்குமேல் இரண்டு, அந்தக் குழிக்குரிய சலுகை அடிகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையைத் தொட்டுவிட்டால் புள்ளி கிடைக்காது; ஹேண்டிகேப் பதிவிலும் அதுவே உச்சவரம்பு. ஆகவே அந்த இடத்தில் பந்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம், பதிவும் கெடாது, பின்னால் வரும் குழுவும் காத்திருக்க வேண்டியதில்லை. அவுட்டிங்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. நால்வரும் அடித்து, சிறந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்து தொடரும் ஸ்கிராம்பிள், புதியவர்களைக் கூச்சமின்றி உள்ளே அழைத்துவர மிக நல்ல வழி. ஆனால் அந்த ஸ்கோர் ஹேண்டிகேப்புக்குச் செல்லாது. ஆண்டின் எல்லா அவுட்டிங்குகளையும் ஸ்கிராம்பிளாக நடத்திவிட்டு, இறுதிக் கோப்பையை மட்டும் தனிநபர் போட்டியாக வைத்தால் நம் கையில் நம்பத்தக்க எண் ஒன்றுகூட இருக்காது.

புதியவர்களைப் பற்றி நீங்கள் தயங்க வேண்டியதில்லை. 54 குழிகளின் ஸ்கோர், அதாவது 18 குழிகள் கொண்ட மூன்று சுற்றுகள் இருந்தாலே இன்டெக்ஸ் கிடைத்துவிடும். உச்ச அளவு 54 என்பதால் எவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. அந்த மூன்று சுற்றுகள் முடியும் வரை அவர் எல்லா அவுட்டிங்குகளிலும் ஆடட்டும், விருந்தினருக்கான தனிப் பரிசுக்கும் போட்டியிடட்டும். கோப்பை மட்டும் பிறகு. இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பரிசுகளில் பணம் வேண்டவே வேண்டாம். 2022 முதல் நடைமுறையில் உள்ள அமெச்சூர் தகுதி விதிகளின்படி, ஹேண்டிகேப் போட்டியில் அமெச்சூர் ஒருவர் பரிசுப் பணம் பெறக் கூடாது.

உங்கள் சங்கம் தானே இன்டெக்ஸ் வழங்கும் தகுதி பெறாததாக இருக்கலாம். அப்படியானாலும், உறுப்பினர் எந்த கிளப் வழியாக இன்டெக்ஸ் வைத்திருக்கிறாரோ அதன் வழியாகவோ, தேசிய அமைப்பின் செயலி உள்ள இடங்களில் அதன் வழியாகவோ ஸ்கோரைப் பதிவு செய்யலாம். அடுத்த அவுட்டிங் அழைப்பிலேயே நான்கு செய்திகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொருவரும் தம் நடப்பு இன்டெக்ஸை ஒரு வாரத்துக்கு முன்பே அனுப்ப வேண்டும். அன்றைய டீயின் ஸ்லோப்பும் கழிவு விகிதமும் கொண்டு குழு கணக்கிட்ட ஹேண்டிகேப் பட்டியல் முந்தைய நாளே எல்லோருக்கும் போய்ச் சேரும். பட்டியலில் ஐயம் இருப்பவர் முதல் டீக்குப் போவதற்கு முன் குழுவிடம் சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்த எண்ணே இறுதி. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரும் மார்க்கரும் கையெழுத்திட்ட கார்டுகள் அனைத்தும், வென்றவை தோற்றவை என்ற பேதமின்றி, பரிசளிப்புக்கு முன்பே ஹேண்டிகேப் பதிவுக்குச் செல்லும்.

இந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்றால், பட்டியல் தயாரிக்கவும் கார்டுகளைப் பதிவு செய்யவும் நான் முன்வருகிறேன். என்னைப் போல் விருப்பமுள்ள ஒருவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பார்; கேட்டுப் பாருங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஓர் அமெச்சூர் கோல்ஃப் சங்க உறுப்பினர்