சுவருக்குப் படம் தேடும் சாந்திக்கு

அன்பின் சாந்தி,

நாங்கள் எல்லோரும் சுகம். மாரி தொடங்கியதும் அம்மாவின் முழங்கால் வழக்கம்போல முறைப்பாடு சொல்கிறது. சின்னவளுக்கு ஓ/எல் சோதனை வருகிறது, அதனால் வீட்டில் சத்தம் கூடாது என்று சட்டம். உன் குரல்பதிவைக் கேட்டேன். புது வீட்டுச் சுவருக்கு நம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தின் போட்டோவைக் கன்வசில் பெரிதாக அடித்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் பொறு கா. இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் காசு கட்டாதே.

இங்கே கல்லடியில் ஒரு வீட்டின் முன்விறாந்தையை அடைத்துச் சின்னதாக ஒரு படக்கூடம் போட்டிருக்கிறார்கள். விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் சேர்ந்து செய்தது. ரியூட்டரி விட்டு வரும் வழியில்தான் இருக்கிறது. உள்ளே போனால் மையும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். ஒரு பக்கச் சுவரில் எண்ணெய் ஓவியங்கள். அவற்றின் விலை நம் போன்ற வாத்திமாருக்கு எட்டாது. மற்றப் பக்கம் முழுக்க லினோ அச்சுகள், லினோலியத் துண்டில் கத்தியால் செதுக்கி அடித்தவை. ஒரு நல்ல மருதமுனைக் கைத்தறிச் சேலைக்குக் கொடுக்கும் காசில் ஒன்று வாங்கலாம். நான் வாங்கத் தொடங்கிவிட்டேன், இன்னும் நிறுத்தவில்லை. இவர் சுவரில் ஆணி அடித்து அலுத்துப் போனார்.

“பிரின்ட்தானே, அதற்கு ஏன் இந்த விலை?” என்று நீ கேட்பாய். அங்கே வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளும் முகம் கோணாமல் ஒவ்வொருவருக்கும் விளக்குகிறார்கள். உன் அம்மம்மாவின் சாமியறையில் தாமரையில் நின்ற லட்சுமி நினைவிருக்கிறதா? அந்த மாதிரிப் படங்களின் மூலம் ரவி வர்மா. அவர் 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கி, நிறத்துக்கு ஒரு கல்லாக வைத்துத் தன் ஓவியங்களை அடித்து ஊர் ஊராக அனுப்பினார். சாமிப் படம் ஏழை வீட்டுக்கும் வந்தது அப்படித்தான். நல்ல காரியம். ஆனால் அவை வேறெங்கோ இருந்த ஓவியங்களின் நகல்கள். லினோ அச்சுக்குப் பின்னால் அப்படி எந்த ஓவியமும் இல்லை. செதுக்கிய துண்டில் மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கிறார்களே, அந்தத் தாள்தான் ஓவியம். பதினைந்து எடுத்தால் பதினைந்தும் அசல்.

அங்கே ஒரு பிள்ளை, பன் புல்லில் பாய் இழைக்கும் கிழவி ஒருத்தியை லினோவில் செய்திருக்கிறாள். முதலில் மஞ்சளுக்கு வேண்டிய அளவு செதுக்கிப் பதினைந்து தாளிலும் மஞ்சள் அடித்திருக்கிறாள். அடுத்து அதே துண்டை இன்னும் செதுக்கிப் பச்சை. மறுகா இன்னும் செதுக்கிக் கறுப்பு. கறுப்பு அடிக்கும்போது துண்டில் முக்கால்வாசி போய்விட்டதாம். பதினாறாவது தாள் வேண்டுமென்று அவளே ஆசைப்பட்டாலும் இனி முடியாது. கீழே இடது மூலையில் பென்சிலால் 4/15 என்று எழுதி, வலது மூலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பன்னின் ஒவ்வொரு இழையும் ஒரு கத்திக் கீறல். கிழவியின் கை, அதே மண்டூர்ப் பெரியம்மாவின் கை. நீ பார்த்தால் அழுவாய்.

கலாபொல ஓவியச் சந்தை நினைவிருக்கிறதா? 1993இலிருந்து கொழும்பில் நடக்கிறது, கிறீன் பாத் வீதியோரம் முழுக்கப் படங்களாக இருக்கும். அங்கே நீ அந்த யானைப் படக்காரரிடம் விலை பேசின கதையை இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அப்போது நம்மிடம் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. அப்படியொன்று நம் ஊரில் வராதா என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பினாயே. இப்போது வந்திருக்கிறது, ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. என் கவலையே அதுதான். படிக்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு அச்சு இயந்திரம் இருக்கிறது. வெளியே வந்தால் அந்த இரும்புப் பாரத்துக்கு எங்கே போவார்கள்? செப்புத் தகட்டில் வேலை செய்தவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள். லினோக்காரர்கள் மட்டும் தாளின் முதுகை மரக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்து அடிக்கிறார்கள். பாய் செய்த பிள்ளை ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். கிடைக்கட்டும். ஆனால் கத்தியை வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். மாதத்தில் இரண்டு போனாலே தாளுக்கும் மைக்கும் காணும் என்றாள்.

இனிச் சொல்லப்போவதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அங்கே இன்னொன்று இருக்கிறது. நம் கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம், 2004 சுனாமிக்குப் பிறகு சாய்ந்து நின்ற கோலத்தில். வெறும் கறுப்பு வெள்ளை. கோபுரத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை, மணலில் சில கோடுகள் மட்டும். அந்தக் கோடுகள் இருக்கும் இடத்தில்தான் உங்கள் வீடு. செய்த பையனுக்கு அது தெரியாது, அவன் அப்போது கைக்குழந்தை. நான் அதன் முன்னால் நின்றேன், நகர முடியவில்லை.

அங்கே ஒரு புத்தகத்தில் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பெரிய அலையையும் காட்டினார்கள். அதுவும் மரக்கட்டையில் செதுக்கி அடித்ததுதான், 1831 அளவில். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று, நியூயோர்க் மெற்றோபொலிற்றனில் ஒன்று என்று இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கடற்கரைக்காரி எனக்கு அந்த அலையை நெடுநேரம் பார்க்க ஏலாது. ஆனால் அதே படம் இத்தனை இடத்தில் இருக்கிறது என்பது மனதை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. உன் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் பிறகு கிடைத்தது, திருகோணமலைச் சித்தியிடம் இன்னொரு பிரதி இருந்தபடியால்தானே? கோபுரத்தில் ஒன்று என் வீட்டிலும் ஒன்று உன் வீட்டிலும் இருந்தால் நல்லது என்று அங்கே நிற்கும்போதே எனக்குத் தோன்றியது. என் பங்கை வாங்கிவிட்டேன். உனக்கு வாங்கவில்லை. தினமும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்க்க உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் சொல்ல வேண்டும். முடியாதென்றால் பாய்க் கிழவி வரட்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டும்.

எதுவானாலும் பிரேம் நீ இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள். தாளில் கண்ணாடி முட்டக்கூடாது, நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல். செலோடேப் ஒட்டவே விடாதே, தாள் மஞ்சளடித்துப் போகும். நேர் வெயில் விழும் சுவரும் வேண்டாம். இங்கே எங்களுக்குப் பூஞ்சணத்தோடும் இராமபாணப் பூச்சியோடும் போராட்டம், உனக்கு அந்தத் தொல்லை இருக்காது.

அத்தான் தைப்பொங்கலுக்கு வந்து திரும்பும்போது இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். சூட்கேசுக்குள் கருவாட்டோடு வைக்க வேண்டாம் என்று நீயே அவரிடம் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டார். சுவரின் அளவையும் உன் முடிவையும் சீக்கிரம் அனுப்பு. கோபுரத்தில் இன்னும் சிலதுதான் மிச்சம், உனக்கு ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மலர்